துவாலே வீட்டு முத்தத்துல மண்டி போட்ட ஆபீஸ்

அம்மா, அக்கம்பக்கத்துல யாரு படிச்சாலும் புரியட்டும்னு மொதல்ல இருந்தே சொல்றேன்: என் பேர் செல்வின், வயசு இருபத்தாறு, பசிபிக் கடல்ல மனுலோவா தீவுல இருக்கேன். நான் வேலை பாக்குற சுகாதார ஆபீஸ் துவாலேங்குற பஸ் டிரைவர் வீட்டு முத்தத்துல மண்டி போட்டு உக்காந்திருக்கு. அட்ரஸ்ல ஏன்டா எவனோ டிரைவர் வீட்டுப் பேரு இருக்கு, நெசமாவே கவர்மென்ட் வேலைதானானு அம்மா கேட்டுக்கிட்டே இருக்கீங்க. நெசமான கவர்மென்ட் வேலைதான்மா, ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜ் எல்லாம் கெடாமப் பாத்துக்குறேன். கட்டடம் எப்படி அங்க போச்சுனு போன்ல சொல்ல ஆரம்பிச்சா பாதியில லைன் போயிருது, அதனால நான் வாயால சொல்லச் சொல்ல போனே டைப் பண்ணிக்கிறத அனுப்புறேன், பிழை இருந்தாப் பொறுத்துக்கோங்க. எல்லாம் நான் வர்றதுக்கு முன்னாடி நடந்தது. தீவுல எல்லாருக்கும் தெரியும், ஆனா யாரும் சத்தமாப் பேச மாட்டாங்க, வெக்கம்.

ஆபீஸ் மொதல்ல துறைமுகத்துல மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்துல இருந்துச்சு. ரெண்டு மாடி, நீலப் பெயின்ட், கண்ணாடிப் பட்டை ஜன்னல், மொட்டை மாடியில ஒரு ஜெனரேட்டர். அதுக்குத் தலைமை டாக்டர் ஃபுவத்தினோ. எந்த ஊர்ல என்ன சீக்கு பரவுதுனு சோதிச்சு, வியாழக்கிழமை மத்தியானம் ரேடியோவுக்கு அறிக்கை குடுக்குறது அவங்க வேலை. அந்த அறிக்கையக் கேட்டுட்டுத்தான் தீவுல பாதிப் பேரு அன்னைக்கு என்ன சமைக்கணும்னே முடிவு பண்ணுவாங்க. நண்டு சாப்பிடாதீங்கனு டாக்டர் சொன்னா சாயங்காலம் மார்க்கெட்ல நண்டு எல்லாம் தானா கடலுக்குத் திரும்பி நடந்து போகும், வித்தவங்களும் மறிக்க மாட்டாங்க. அவ்ளோ நம்பிக்கை. ஃபுவத்தினோவும் நல்ல குடும்பம், நல்லா வளத்த பொண்ணு, சர்ச்ல பாட்டுக் குழுவுல நிப்பாங்க, பெரியவங்க முன்னாடி குரல் உசத்துனதே இல்ல. வந்த வினையே அதுலதான்.

என்னன்னா, இந்தத் தீவுல ரெண்டு பேச்சு இருக்கு. ஒண்ணு வீட்டுப் பேச்சு, இன்னொண்ணு மரியாதைப் பேச்சு. நம்ம ஊர்ல பெரிய மனுசன் செத்துட்டாருனு சொல்லாம காலமாயிட்டாருனு சொல்றோம்ல, இவங்களுக்கு எல்லாத்துக்குமே அப்படி ஒரு வார்த்தை உண்டு. ஊர்த் தலைவருக்குச் சீக்கு வராது, அவரு களைச்சிருப்பாரு. அவரு வீடு இடிஞ்சு விழாது, ஓய்வெடுக்கும். அவரு நாய் கடிக்காது, விசாரிக்கும். மாத்திச் சொன்னா வாயில அடிப்பாங்க. சுகாதார மந்திரி யாருன்னா, மலை மேல இருக்குற ஊருக்குத் தலைவரு, தலைவருங்கள்லயே பெரிய தலைவரு. அந்த ஊர் ஊத்துல இருந்துதான் குழாய் போட்டுக் கீழ இருக்குற வைத்தோலு ஊருக்குத் தண்ணி கொண்டு வந்தாரு. குழாய்க்கெல்லாம் தன் கட்சிக் கொடி கலரு அடிச்சு வச்சிருந்தாரு, எலெக்சனும் வந்துக்கிட்டிருந்துச்சு.

ஆய்வுக்கூடத்துல அந்தத் தண்ணியச் சோதிச்சப்ப டைபாய்டு கிருமி இருந்துச்சு. ஊத்துக்கு மேல மந்திரி தம்பி கட்டுன விடுதியோட கக்கூஸ் தொட்டி உடைஞ்சு, அந்தப் பீத்தண்ணி நேரா ஊத்துல எறங்குது. ஃபுவத்தினோ அறிக்கையில வீட்டுப் பேச்சுலயே எழுதுனாங்க: ஊத்துத் தண்ணியில பீ கலந்திருக்கு, டைபாய்டு இருக்கு, கொதிக்க வைக்காமக் குடிக்காதீங்க. அத வாங்கிப் பாக்க மந்திரியோட செயலாளர் பெசமினோ வந்தான். அவனும் அதே சர்ச், அதே பாட்டுக் குழு, சின்ன வயசுல இருந்து இவங்கள அக்கான்னுதான் கூப்புடுவான். வரும்போது சூடா சீமைப்பலா சுட்டது, தேங்காப்பால்ல வேக வச்ச சேம்பெலை எல்லாம் கொண்டு வந்தான். அறிக்கைய நிறுத்தச் சொல்லல, மிரட்டல, மேசையத் தட்டல.

“அக்கா, ஒரே ஒரு வார்த்தைதான். தலைவரோட ஊத்துல போயி பீன்னு சொல்லுவீங்களா நீங்க? உங்க அப்பா காதுல விழுந்தா என்ன ஆகும்? மரியாதையாச் சொல்லுங்க, அவ்வளவுதான் மந்திரி கேக்குறாரு.”

அப்புறம் அவனே பென்சில் எடுத்து, டைபாய்டு, கொதிக்க வைக்கிறது எல்லாத்தையும் அடிச்சுட்டு எழுதுனான்: ஊத்து களைச்சிருக்கு, அது கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். ஃபுவத்தினோ அந்தத் தாளை ரெண்டு தடவை படிச்சாங்க. தப்புன்னு தெரியும். ஆனா அவங்களுக்கு அந்த நிமிசத்துல வந்தது பயம் இல்ல, வெக்கம். ரேடியோவுல, தீவே கேக்க, பெரிய தலைவரோட ஊத்தப் பத்தி அந்த வார்த்தையச் சொல்றதுக்கு வெக்கம். களைச்சிருக்குன்னா சீக்குன்னுதானே அர்த்தம், பெரியவங்களுக்குப் புரியும்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டாங்க. கையெழுத்துப் போட்டாங்க. சீமைப்பலாவையும் சாப்பிட்டாங்க. அதுதான் இன்னைக்கு வரைக்கும் அவங்களால மறக்க முடியல, அது ருசியா இருந்துச்சாம்.

வைத்தோலு ஊர்க்காரங்க ரேடியோவக் கேட்டாங்க. தலைவரு களைச்சிருந்தா என்ன செய்வாங்களோ அதையே ஊத்துக்கும் செஞ்சாங்க. குழாயடிக்கு மாலை போட்டாங்க. பக்கத்துல பாய் விரிச்சு உக்காந்து மெதுவாப் பாடுனாங்க. வாளி வச்சு வேகமாப் புடிச்சா ஊத்துக்கு அலுப்பா இருக்கும்னு சிரட்டையில கொஞ்சங் கொஞ்சமாப் புடிச்சாங்க. கொதிக்க வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல, களைச்சுப்போன பெரியவரைத் தூக்கி அடுப்புல வைப்பாங்களா? பஸ் டிரைவர் துவாலே பொண்டாட்டி சியேனி, தன் மக லாங்கிக்கு, ஏழு வயசு, குழாயடியில மண்டி போட்டு உள்ளங்கையில ஏந்திக் குடிக்கக் கத்துக்குடுத்தா. குடிச்சு முடிச்சு ஊத்துக்கு நன்றி சொல்லணும்னும் கத்துக்குடுத்தா. புள்ளை சொன்னபடியே கேக்குற புள்ளை. மழை தொடங்குறதுக்குள்ள வைத்தோலு சர்ச் மைதானத்துல புதுசாக் குழி வெட்டிக்கிட்டே இருந்தாங்க, லாங்கிக்கும் ஒண்ணு வெட்டுனாங்க. துவாலே பஸ்ல அதுவரைக்கும் ரேடியோப் பாட்டுச் சத்தம் அடுத்த ஊருக்குக் கேக்கும். அதுக்கப்புறம் அந்த ரேடியோவத் துணி போட்டு மூடிட்டாரு.

லாங்கியப் பொதைச்சதுக்கு அடுத்த திங்கக்கிழமை காலையில வேலைக்கு வந்தவங்க ஆபீஸக் காணோம்னாங்க. மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்துல ஈர மண்ணு மட்டும் செவ்வகமாக் கெடந்துச்சு, அதுல நண்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. மீன்காரம்மா சொன்னா, விடியுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போயிருச்சு, கரண்ட் வயரைக் கூட அதுவே பாத்துக் கழட்டிட்டுப் போச்சுன்னு. அத ஏன் தடுக்கலைன்னு கேட்டதுக்கு, தப்புப் பண்ணவங்க மன்னிப்புக் கேக்கப் போகும்போது குறுக்க நிக்கலாமான்னு திருப்பிக் கேட்டா. இங்க பழக்கம் அது. ஒரு குடும்பத்துல ஒரு உயிர் போகக் காரணமா இருந்தவன், விடியக்காலையில அந்த வீட்டு முன்னாடி போயி, தலை மேல சன்னமான தாழம்பாயப் போத்திக்கிட்டு மண்டி போட்டு உக்காரணும். உள்ள இருக்குறவங்க வந்து பாய எடுத்தா மன்னிப்பு. கத்தியோட வந்தா அதையும் வாங்கிக்கணும். பேசக் கூடாது, நிமிரக் கூடாது.

கட்டடம் அதத்தான் செஞ்சிருந்துச்சு. வைத்தோலுவுல துவாலே முத்தத்துல முன்பக்கத்துத் தூணு ரெண்டையும் மடக்கி, மொட்டை மாடி வாழைமரத்த முட்டுற மாதிரி குனிஞ்சு உக்காந்திருந்துச்சு. மேல ஒரு தாழம்பாய், ரக்பி மைதானம் அளவுக்கு, ஓரத்துல செவப்புக் கிளி எறகு. யாரு நெய்ஞ்சதுன்னு தெரியல, அவ்ளோ பெரிய பாய் நெய்யறதுக்குத் தீவுல தாழையும் கிடையாது. துவாலே பெரிய கத்தியத் தீட்டி எடுத்துக்கிட்டு வெளிய வந்தாரு. ஊரே மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. கட்டடத்தச் சுத்தி ஒரு ரவுண்டு நடந்தாரு. அப்புறம் அதச் சுத்தி வளந்திருந்த புல்லை வெட்டிட்டு பஸ் ஓட்டப் போயிட்டாரு. பாய அவரும் எடுக்கல, சியேனியும் எடுக்கல.

அரசாங்கம் கிரேன் கொண்டு வந்துச்சு. இரும்புக் கயிறு கட்டி இழுத்தா கயிறு வெந்த சேம்பெலை மாதிரி கொழகொழன்னு ஆயிருச்சு. கிரேன் டிரைவர் பழக்கம் தெரிஞ்சவன், தொப்பியக் கழட்டிட்டுத் திரும்பிப் போயிட்டான். பெசமினோ பத்திரிகைக்கு எழுதிக் குடுத்தான்: சுகாதார ஆபீஸ் கொஞ்சம் களைச்சிருக்கு, கிராமத்துல ஓய்வெடுக்குது. வேலை நிக்கக் கூடாதுன்னு மந்திரி உத்தரவு போட்டாரு, அதனால ஆளுங்க எல்லாரும் வைத்தோலுவுக்கு வேலைக்கு வந்தாங்க. வர்றதுக்கு ஒரே பஸ் துவாலே பஸ்தான். டாக்டர் ஃபுவத்தினோ தெனம் காலையில அவரு பஸ்ல ஏறி, அவரு வீட்டு முன்னாடி எறங்கி, குனிஞ்சிருந்த கட்டடத்துக்குள்ள பின்வாசல் வழியாப் போவாங்க. அவரு கண்ணாடியில கூட இவங்களப் பாக்க மாட்டாரு. எறங்கும்போது கதவை மட்டும் இவங்க எறங்கி முடிக்கிற வரைக்கும் திறந்து வச்சிருப்பாரு, அது இவங்களுக்கு அடிய விட வலிக்கும்.

உள்ள தரை சரிவா இருந்துச்சு. நாற்காலிக்கெல்லாம் கயிறு கட்டுனாங்க, கண்ணாடிக் குப்பியெல்லாம் முன்பக்கம் உருண்டு வராம துணி சுத்தி வச்சாங்க. டீயில கூட ஒரு பக்கம்தான் ஆடை படியும். ரெண்டு வாரத்துல எல்லாருக்கும் பழகிருச்சு, ஒரு காலை மடக்கி நடக்க. ஃபுவத்தினோ தனக்குள்ள சொல்லிக்கிட்டாங்க, கட்டடம் மன்னிப்புக் கேட்டுட்டிருக்கு, நம்ம ஆபீஸ்தானே, நம்ம சார்புலதானேன்னு.

அப்பதான் வைத்தோலுவுக்குக் கீழ கடலோரத்துல இருக்குற ஊர்ல இருந்து காய்ச்சல் சேதி வந்துச்சு. அதே குழாயை அங்க வரைக்கும் நீட்டியிருந்தாங்க. சோதிச்சாங்க, அதே கிருமி. மறுபடியும் பெசமினோ வந்தான். இந்தத் தடவை சாப்பாடு கொண்டு வரல, சரிவுல வழுக்காம சுவத்தப் புடிச்சுக்கிட்டே வந்தான். அறிக்கைய வாங்கி, பென்சில்ல மாத்தி எழுதி மேசையில வச்சான்: குழாயும் களைச்சிருக்கு.

“அக்கா, எலெக்சன் முடியட்டும். அப்புறம் நீங்க என்ன வேணா சொல்லிக்கோங்க.”

“அதுக்குள்ள?”

“அதுக்குள்ள ஆண்டவரு பாத்துக்குவாரு அக்கா. நீங்க மட்டும்தான் மனுசங்களப் பாத்துக்குறீங்களா?”

அவன் சொல்லி முடிக்க, கட்டடம் இன்னும் ஒரு அடி குனிஞ்சுச்சு. மேசை வழுக்கிட்டுப் போயி ஜன்னல்ல முட்டுச்சு, அந்தத் தாளு கண்ணாடிப் பட்டைக்கு நடுவுல நழுவி வெளிய விழுந்துச்சு. கீழ சியேனி கல்லடுப்புக்குக் கல்லு சூடு பண்ணிக்கிட்டிருந்தா. எடுத்துப் பாத்தா. படிச்சா. படிச்சுட்டு அடுப்புல போட்டுட்டு, இடுப்புத் துணியில கையத் தொடச்சுக்கிட்டு மெதுவா நடந்து பின்வாசலுக்கு வந்து நின்னா. அன்னைக்கு வரைக்கும் அவ ஆபீஸ் ஆளுங்ககிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்ல.

“டாக்டரம்மா, செங்கல்லும் சிமென்ட்டும் என் வாசல்ல வந்து தலை குனிஞ்சு உக்காந்திருக்கு. நீங்க பின்வாசல் வழியா வந்து டீ குடிச்சுட்டுப் போறீங்க.”

அவ்வளவுதான் சொன்னா. திரும்பிப் போயி சேம்பு உரிக்க உக்காந்துட்டா. பெசமினோ அதக் கேட்டுச் சிரிக்கப் பாத்தான், வரல. ஃபுவத்தினோ டீக் கிளாசைக் கீழ வச்சாங்க. செருப்பக் கழட்டுனாங்க. பின்வாசல் வழியா எறங்கி, கட்டடத்தச் சுத்திக்கிட்டு முன்னாடி வந்து, பாயோட ஓரத்தத் தூக்கி அதுக்கடியில போயி சரளைக்கல்லு மேல மண்டி போட்டாங்க. அன்னைக்கு வியாழக்கிழமை, ரேடியோக்காரங்க மைக்கோட வந்து வழக்கம்போல வாசல்ல நின்னாங்க. அவங்களும் என்ன செய்றதுன்னு தெரியாம மைக்கக் கொண்டு போயி பாய்க்கு முன்னாடி தரையில வச்சுட்டு ஒதுங்கிட்டாங்க.

வார்த்தை வரல. நல்லா வளத்த வாய், திறக்கவே மாட்டேங்குது. திறந்தா காத்து மட்டும் வருது. தீவு முழுக்க ரேடியோவுல அந்த மூச்சுச் சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டிருந்தாங்க, யாரும் ஸ்டேசன மாத்தல. வெயில் ஏறிப் பாய்க்கடியில வெந்துச்சு. கோழி வந்து அவங்க கையக் கொத்திப் பாத்துட்டுப் போச்சு. சியேனி திரும்பிக் கூடப் பாக்கல. சாயங்காலம் துவாலே பஸ் வந்து நின்னுச்சு, அவரு எறங்கல, ஸ்டியரிங்ல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. மலை மேல மந்திரி வீட்டுலயும் ரேடியோ ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சுன்னு அப்புறம் சொன்னாங்க.

அப்புறம் ஃபுவத்தினோ சொன்னாங்க, வீட்டுப் பேச்சுல, அம்மா புள்ளையத் திட்டுற பேச்சுல.

“ஊத்துல பீ கலந்திருக்கு. மந்திரி ஊத்துலதான். டைபாய்டு. குழாய் போற எல்லா ஊர்லயும் தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க. இது எனக்கு அப்பவே தெரியும். களைச்சிருக்குனு மாத்துன தாள்ல நான்தான் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையப் புடிச்சு இழுக்கல.”

யாரும் அழல, யாரும் கை தட்டல. சுத்தி இருந்த வீட்டுல எல்லாம் அடுப்புப் பத்த வைக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு, பானை வைக்கிற சத்தம். கடலோரம் வரைக்கும் புகை எந்திரிச்சுச்சு. சியேனி எந்திரிச்சு வந்து பாய்க்கு முன்னாடி குந்துனா. மைக்கு இன்னும் ஓடிக்கிட்டிருக்குனு அவளுக்குத் தெரியுமா தெரியாதா, யாரும் கேட்டதில்ல.

“நான் அவளுக்கு மெதுவாக் குடிக்கச் சொல்லிக் குடுத்தேன்,” அப்படின்னா. “ஒரு சொட்டு சிந்தாம. நல்ல புள்ளை, சிந்தவே இல்ல.”

சொல்லிட்டு, பாயோட ஓரத்த ஃபுவத்தினோ தலை மேல இருந்து மட்டும் தூக்குனா. ஒரு ஆளு நிமிர்ற அளவுக்கு.

“நீங்க எந்திரிங்க. கட்டடம் இருக்கட்டும். இன்னொருத்தரு வரணும்.”

அந்த இன்னொருத்தரு வரல. மந்திரி எலெக்சன்ல தோத்தாரு, அதுக்கப்புறமும் வரல. அதுக்கு முன்னாடி, அன்னைக்கு ராத்திரியே ஃபுவத்தினோவ வேலைய விட்டு எடுக்குற உத்தரவு எழுதி அனுப்புனாரு, மரியாதைப் பேச்சுலதான்: டாக்டர் களைச்சிருக்காங்க, ஓய்வெடுக்கட்டும். மறுநாள் அந்த உத்தரவ மேசையில வச்சாங்க, அது சறுக்கி ஜன்னல் வழியா சியேனி அடுப்புல போயி விழுந்துச்சு. மறுபடி அனுப்புனாரு, அதுவும் விழுந்துச்சு. மூணாவதுக்குப் பேப்பர்வெயிட் வச்சாங்க, பேப்பர்வெயிட்டும் சேந்து விழுந்துச்சு. உத்தரவு கைக்கு வந்து சேராததால ஃபுவத்தினோ தொடர்ந்து வேலைக்கு வந்தாங்க. அப்புறம்தான் எல்லாருக்கும் புரிஞ்சுச்சு, இந்தச் சரிவுல பூசி மெழுகுன தாளு எதுவும் நிக்காது, உள்ளத உள்ளபடி எழுதுன தாளு மட்டும் கல்லு மாதிரி மேசையில கெடக்கும். புது மந்திரி வந்தாரு, அவரும் பென்சிலோட ஒரு ஆள அனுப்பிப் பாத்தாரு. சியேனிக்கு அந்த வருசம் வெறகுச் செலவே இல்ல. கடைசியில சட்டசபையில சட்டம் போட்டாங்க, சுகாதார அறிக்கைய மந்திரி பாக்கக் கூடாது, எலெக்சன் வந்தாலும் மாத்தக் கூடாது, ஆபீஸ் தலைவர அதுக்காக வேலைய விட்டு எடுக்கக் கூடாதுன்னு. பெசமினோ அந்தச் சட்டத்த எழுத உதவி பண்ணானாம், வீட்டுப் பேச்சுல எழுதுற பழக்கம் இல்லாததால ரொம்பக் கஷ்டப்பட்டானாம். இப்பவும் சர்ச்ல பாடுறான், ஆனா பின்வரிசையில நிக்கிறான், யாரும் நிக்கச் சொல்லல.

இப்ப எல்லாம் பழகிப் போச்சு. பாய் மேல மழைக்காலத்துல பாசி புடிக்கும், துவாலே ஏணி வச்சு ஏறிச் சுரண்டி விடுவாரு, எடுக்க மட்டும் மாட்டாரு. தபால்காரரு வாழைமரத்துல பெட்டி கட்டியிருக்காரு. துறைமுகத்துல குடிதண்ணி வாரியக் கட்டடம் கொஞ்சம் முன்னாடி சாஞ்சிருக்குனு பேச்சு, அங்க வேலை பாக்குறவங்க காலையில வந்ததும் மொதல்ல தூணைத்தான் பாப்பாங்க. ஃபுவத்தினோவுக்கு இப்போ தலை நரைச்சிருச்சு, சமதரையில நடந்தாலும் கொஞ்சம் குனிஞ்சேதான் நடப்பாங்க. வியாழக்கிழமை மத்தியானம் முன்வாசல் வழியா வந்து, பாயோட ஓரத்துல உக்காந்து, மொதல்ல சியேனிக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் ரேடியோவுல படிப்பாங்க. சியேனி சேம்பு உரிச்சுக்கிட்டே கேப்பா. ஒரு வார்த்தை வழவழன்னு இருந்தா உரிக்கிற கை நின்னுரும். இவங்க உடனே அத அடிச்சுட்டு வேற எழுதுவாங்க. போன மாசம் ஒரு நாள் துவாலே பஸ் ரேடியோ மேல இருந்த துணிய எடுத்தாரு. எல்லாரும் பாட்டுன்னு நெனச்சோம். சாயங்காலம் திரும்பப் போடுற அறிக்கையத்தான் வச்சாரு, முழுசாக் கேட்டாரு, முடிஞ்சதும் மறுபடி துணியப் போட்டு மூடிட்டாரு. டாக்டர் முன்சீட்டுல உக்காந்திருந்தாங்க. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அதனாலதான்மா அட்ரஸ் அப்படி. பார்சல் அனுப்புனா துவாலே வீடு, வைத்தோலுனு போட்டாப் போதும், வந்து சேந்துரும். நான் நல்லா இருக்கேன், ராத்திரி ஆபீஸ்லயே படுக்குறதால சரிவுல தூங்கித் தூங்கிக் கழுத்து மட்டும் ஒரு பக்கம் வலிக்கும், வேற ஒண்ணும் இல்ல. நம்ம தெருக் குழாயில இப்போ செம்மண் கலர்ல வருது, கேட்டா புதுக் குழாய் அப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்கனு அப்பா சொன்னாரு, அதக் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. அம்மா, அப்பா, பக்கத்து வீட்டுல யாராவது இதப் படிச்சா அவங்களும், யாரு என்ன சொன்னாலும் சரி, தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க.